புல் முடிந்து வைத்த வழி

அடி அண்ணாமலையில் சூரியன் தாமதமாகத்தான் வரும். மலைக்குக் கிழக்கே, திருவண்ணாமலை நகரத்தில், கோபுர உச்சிகளில் வெயில் ஏறி, பூக்கடைக்காரர்கள் வாசல் தெளித்து வியாபாரத்தைத் தொடங்கிய பிறகும், மேற்கே இருக்கும் இந்த ஊர் மலையின் நிழலுக்குள் கிடக்கும். தூரத்து வயல்களில்தான் முதல் வெயில் விழும். அங்கிருந்து மெல்ல நடந்து ஊருக்குள் வந்து, கடைசியாகத்தான் மலையடிவாரத்தைத் தொடும். சாயங்காலம் இதற்கு நேர்மாறு. நகரம் மங்கிய பிறகும் மலையின் மேற்கு முகம் அடுப்பில் வைத்த செம்புப் பானைபோலக் கனன்றுகொண்டிருக்கும்.

கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரில் பாதிக்குமேல் நடந்த பிறகுதான் இந்த ஊர் வரும். கால் வலிக்கத் தொடங்கும் இடம் இது. நடப்பவர்கள் ஆதி அருணாசலேசுவரர் கோயிலை எட்டிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, தேநீர் குடித்துவிட்டு, வாயு லிங்கம் நோக்கிப் போய்விடுவார்கள். பக்கத்திலேயே மாணிக்கவாசகருக்கு ஒரு கோயில் இருக்கிறது. திருவெம்பாவை இந்த ஊரில்தான் பாடப்பட்டது என்பது வழிவழி நம்பிக்கை. அந்தக் கோயில் வாசலில் பாதி நாள் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனவர்களை இரண்டு கை விரல்களால் எண்ணிவிடலாம்.

தை மாதத்தில் ஒரு வாரம் இங்கே ஒரு வீட்டின் மாடி அறையில் தங்கினேன். கிரேக்க நாட்டுக் கடலோர ஊர்களுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓர் ஊரில் பெட்டியை வைத்துவிட்டு, தினம் ஒரு திசையாகக் கிளம்பி, இடிந்த கோயிலையோ மலைப்பிளவையோ பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். அண்ணாமலையையும் அப்படி ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. நாம் பௌர்ணமிக்கு வருகிறோம், சுற்றுகிறோம், விடிவதற்குள் பஸ் ஏறிவிடுகிறோம். 2668 அடி உயர மலை கண்ணை முழுக்க நிறைத்துக்கொள்வதால், அதைச் சுற்றி ஒரு பகல் தொலைவுக்குள் பரந்து கிடக்கும் பழைய நாட்டை நாம் பார்ப்பதே இல்லை.

அந்த நாட்டுக்குப் பல்குன்றக் கோட்டம் என்று பெயர். பல குன்றுகளின் நாடு. அதற்கு ஒரு வழிகாட்டி நூலும் இருக்கிறது. கிரேக்கர்களுக்கு பௌசானியஸ் என்ற பயணி இருந்தார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டை நடந்து பார்த்துப் பத்துப் புத்தகங்கள் எழுதினார். 1876இல் மைசினியில் கல்லறைகளைத் தேடிய ஷ்லீமான் அவருடைய குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் தோண்டினார். நமக்கு இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் இருக்கிறார். பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாம், 583 அடிகளில், செங்கண்மாவில் இருந்த நன்னன் சேய் நன்னன் என்ற வேளிடம் போகும் வழியைக் கூத்தர் கூட்டம் ஒன்றுக்குச் சொல்கிறது. செங்கண்மா இன்றைய செங்கம். அந்த வழியில் என்ன சோறு கிடைக்கும், எங்கே வழுக்கும், காட்டுப்பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், ஆகையால் பொழுது விடிந்த பிறகுதான் நடக்க வேண்டும், தினைப்புனம் காப்பவர்கள் கவண்கல் எறிந்தால் எப்படி ஒதுங்க வேண்டும் என்பது வரை அதில் உண்டு. ஒரே ஒரு குறிப்பு என் மனத்தை விட்டு அகலவில்லை. பாதை பிரியும் இடத்தில் தரையைத் துடைத்து, சரியான பக்கத்தில் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள், பின்னால் வருகிறவர்கள் வழி தவறக்கூடாது என்கிறார் புலவர்.

அதையே என் வாரத்துக்கு விதியாக வைத்துக்கொண்டேன். கேட்டு நடப்பது. பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லிவைப்பது.

*

முதல் திசை மேற்கு. புதுச்சேரியிலிருந்து கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலை திருவண்ணாமலையைத் தொட்டுக்கொண்டு போகிறது. அதே சாலையில் கிழக்கே போனால் செஞ்சி, மேற்கே 35 கிலோமீட்டர் அளவில் செங்கம். சவ்வாது மலையில் பிறந்து வரும் செய்யாறு செங்கத்தை ஒட்டி ஓடுகிறது. மலைபடுகடாம் சேயாறு என்று பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஆறு அதுதான். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழைய பாட்டில் பெயரோடு இருக்கும் ஆற்றுப் பாலத்தின் மேல் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது உடம்பு ஒரு கணம் சிலிர்த்தது. பக்கத்தில் நின்றவர் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

செங்கத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வயல் ஓரத்தில், ஏரிக்கரையில், புளியமரத்தடியில் நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரையைக் கவர வந்தவரோடும் கவர்ந்ததை மீட்கவும் போரிட்டு மாண்டவர்களின் கற்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 1970களின் தொடக்கத்தில் ஊர் ஊராகப் போய் இவற்றைத் தேடிப் படித்தது. இரா. நாகசாமி பதிப்பித்த செங்கம் நடுகற்கள் என்ற தொகுதி 1972இல் வெளிவந்தது. அதுவரை பெரும்பாலோர் சங்கப் பாட்டிலும் தொல்காப்பியத்திலும் மட்டும் படித்த நடுகல், வட்டெழுத்தும் ஆண்டும் ஆள் பெயருமாகக் கண்முன் வந்து நின்றது. கல்லைத் தேர்வதில் தொடங்கி வாழ்த்துவதில் முடியும் ஆறு படிகளைத் தொல்காப்பியர் சொல்கிறார்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லூரியில் இதை மனப்பாடம் செய்தபோது ஏதோ அரசாங்கச் சடங்கு என்று நினைத்திருந்தேன். இங்கே வந்து பார்த்தால், மாடு மேய்த்தவனுக்காக ஊர் செய்த காரியம்.

ஊரார் இவற்றை நடுகல் என்று சொல்வதில்லை. வேடியப்பன் என்கிறார்கள். நான் போன ஓர் ஊரில், கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் கேட்டேன்.

"ஆயா, இங்க பழைய எழுத்து வெட்டுன கல்லு இருக்குதுன்னாங்களே?"

"எழுத்துக் கல்லா? வேடியப்பன கேக்குறியா தம்பி?"

"ஆமா ஆயா."

"அந்தாண்ட புளியமரம் தெரியுதா, அதுக்கு அப்பால வரப்பு மேலயே போ. செருப்ப வெளியவே கழட்டிரு. எங்க வூட்டுக் காதுகுத்துக்கு அங்கதான் பொங்க வெச்சோம்."

காலத்தை யாரும் சொல்லித்தராமலே அந்தக் கல்லுக்கு மஞ்சளும் குங்குமமும் பூசப்பட்டிருந்தன. ஆறாம் படியான வாழ்த்தல் இன்னும் முடியவில்லை.

பழைய செங்கம் வட்டத்து எடுத்தனூர்க் கல்லைப் பார்ப்பதற்காகத்தான் உண்மையில் இந்தப் பயணமே. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல் அது. தன் எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாய்க்கென்று தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள். கோவிவன் என்னும் நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்பது அதன் பொருள்.

நான் உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தேன். கல்லில் ஓர் எழுத்துக்கூடத் தெரியவில்லை. வெயில் நேராக விழும்போது கல் முகத்தில் நிழலே இருக்காது, எழுத்தின் பள்ளமும் மேடும் ஒன்றாகிவிடும். இவ்வளவு தூரம் வந்து கல்லின் மேல் வெறும் சொரசொரப்பைப் பார்த்துவிட்டுத் திரும்புவதா என்று மனசு கனத்தது. போகத் தோன்றவில்லை. மரநிழலில் உட்கார்ந்தேன். மூன்று மணி, நான்கு மணி. வெயில் சாயச் சாய, கல்லின் பக்கவாட்டில் ஒளி உரசத் தொடங்கியது. முதலில் வீரனின் கால் வந்தது. பிறகு இடுப்பு. பிறகு நாய். கடைசியில், எறும்புச் சாரை கிளம்பியதுபோல, எழுத்து வரிசை. எனக்கு வட்டெழுத்து சரளமாக வராது. அச்சிட்ட வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் எழுத்து ஓர் எழுத்தாக விரலை அந்தரத்தில் ஓட்டிப் பார்த்தேன். நாயின் பெயர் இருக்கும் இடம் வந்ததும் கண் கலங்கியது. அதை மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அந்த நாய் செய்த காரியம், எந்த வீட்டு நாயும் செய்யக்கூடியது. ஆனால் செத்தவனுக்குக் கல் எடுத்தவர்கள் அதை மறக்கவில்லை. உளி பிடித்தவனிடம் இதையும் எழுது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எழுத்தறிந்தவர்கள் அருகிப்போயிருந்த காலத்தில், உளியின் ஒவ்வொரு எழுத்துக்கும் கூலி இருந்திருக்கும் காலத்தில், ஒரு நாயின் பெயரை முழுதாக வெட்டவைத்த ஊர் அது.

*

அன்று மாலையே சாத்தனூர் அணைக்குப் போனேன். தென்பெண்ணையின் குறுக்கே 1958இல் கட்டி முடித்தது. 119 அடி, 7321 மில்லியன் கன அடி. பூங்காவும் முதலைப் பண்ணையும் குழந்தைகளுக்குப் பிடிக்கும். எனக்கு அங்கே நின்றபோது நினைவு வந்தது 2024 டிசம்பர்தான். ஃபெஞ்சல் புயல் மழையில் டிசம்பர் 2 அதிகாலை இந்த அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டது. அதற்கு முந்தின நாள் மாலை அண்ணாமலையின் சரிவிலிருந்தே மண்ணும் பாறையும் இறங்கி, வ.உ.சி. நகரில் குழந்தைகள் உட்பட ஏழு பேரைக் கொண்டுபோனது. தினமும் விளக்கேற்றிக் கும்பிடும் மலை அது. அடி அண்ணாமலைத் தேநீர்க் கடையில் யாரும் அதைப் பற்றி விரிவாகப் பேசவில்லை. மழை வலுத்தால் இப்போதெல்லாம் மலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொள்கிறோம் என்று மட்டும் சொன்னார்கள்.

பருவதமலைக்கு ஏற ஒரு நாள் ஒதுக்கினேன். 4560 அடி. மலைபடுகடாம் நவிரம் என்று சொல்லும் மலை இதுவே என்பார்கள். காரி உண்டிக் கடவுள் என்று பாட்டு சொல்லும் இறைவனுக்கு இன்று உச்சியில் மல்லிகார்ச்சுனர் என்று பெயர். கடைசிப் பகுதியில் செங்குத்துப் பாறையில் கடப்பாறைகளை அடித்து நட்டிருக்கிறார்கள். அதைப் பிடித்து, சங்கிலியைப் பிடித்து, ஏணியில் கால்வைத்து ஏற வேண்டும். நான் கடப்பாறைப் படிகளில் பாதிவரை ஏறினேன். கீழே பார்த்தேன். இறங்கிவிட்டேன். எனக்குப் பின்னால் வந்த அறுபது வயது அம்மா ஒருவர், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அண்ணாமலையானே" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு ஏறிப் போய்க்கொண்டே இருந்தார். பாதியில் நின்ற இடத்திலும் குறையொன்றுமில்லை. காற்று பாறையிடுக்கில் புகுந்து வரும் ஒலி, எங்கோ நீர் சொட்டும் ஒலி, குரங்குகளின் சத்தம், கீழே ஊரில் ஒலிபெருக்கி. மலையை யானையாகவும் அதிலிருந்து எழும் ஒலிகளை அதன் மதநீராகவும் எண்ணித்தான் பாட்டுக்கு மலைபடுகடாம் என்று பெயர் வந்தது. அந்தப் பெயரைப் புரிந்துகொள்ள அரை மலை போதும்.

சவ்வாது மலைக்கு இந்தமுறை போக முடியவில்லை. போகிறவர்கள் சனிக்கிழமையாகப் பார்த்துப் போனால், பகலில் பீமன் அருவியும் சாமை வயல்களும், இரவில் காவலூர் வானாய்வகமும் சேர்த்துப் பார்க்கலாம். 1986இல் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது.

*

கிழக்குத் திசைக்கு ஒரு நாள் போதாது, தெரிந்தும் ஒரே நாளில்தான் போனேன். விடியலில் கிளம்பினால் கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் பாறைகள் கூட்டம் கூட்டமாக எழத் தொடங்கும். உருண்டை மேல் உருண்டையாக, தள்ளினால் விழுந்துவிடும்போல நிற்கும் கற்கள். யாரும் அடுக்கியதல்ல. கருங்கல்லின் வெடிப்புகளில் நீர் இறங்கி, மூலைகள் முதலில் மட்கி உதிர்ந்து, நடுவில் உறுதியான பகுதி மட்டும் பந்தாக நின்றுபோனது. மண் கழுவிப் போனதும் வெளியே வந்தவை. அந்தப் பாறைக் கூட்டத்தின் உச்சிகளை மதிலால் இணைத்துக் கட்டியதுதான் செஞ்சிக் கோட்டை.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை. 1200ஐ ஒட்டி ஆனந்தகோன் என்பவர் முதல் அரண் கட்டினார் என்று ஊர் வரலாறு சொல்கிறது. கோனார். ஆடு மாடு மேய்த்த மரபு. சில நாள் முன்னால் எருமை காத்தவனின் கல்லைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு இந்தச் செய்தி வேறு மாதிரி ஒலித்தது. பிறகு விஜயநகரத்தாரும் நாயக்கர்களும் பீஜப்பூர் சுல்தானும் இங்கே ஆண்டார்கள். 1677இல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே ஒதுங்கியிருந்தபோது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் ஏழு ஆண்டுக்கும் மேலாக முற்றுகையிட்டார். 1698இல் கோட்டை விழுந்தபோது ராஜாராம் தப்பிப் போயிருந்தார். 1750இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761இல் ஆங்கிலேயர்கள். கிழக்கின் திராய் என்று ஆங்கிலேயர்கள் இதைச் சொன்னார்கள். திராய், கிரேக்கர்கள் பத்தாண்டு முற்றுகையிட்டதாகக் காவியம் பாடும் நகரம். ஒப்புமை பொருத்தம்தான். ஆனால் எங்கள் ஊர்க் கூத்துமேடையில் பாடப்பட்டவர் இந்த நீண்ட முற்றுகையின் நாயகர் யாரும் அல்லர். 1714இல், ஆற்காட்டு நவாபின் பெரும்படைக்கு எதிரே, கைக்கு எட்டிய சில நூறு பேரோடு போய் மாண்ட இளைஞன் தேசிங்குதான். அவன் குதிரை பாராசாரிக்கும் கதைப்பாட்டில் பெயர் உண்டு. எடுத்தனூர் நாய்க்கும் செஞ்சிக் குதிரைக்கும் பெயரை விட்டுவைத்த நாடு இது.

2025 ஜூலையில் மராத்திய இராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. அதற்குப் பிறகு கூட்டம் கூடியிருக்கிறது என்று சீட்டுக் கிழிப்பவர் சொன்னார். கல்யாண மகாலும் தானியக் களஞ்சியமும் கீழேயே இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் களஞ்சியத்துக்குள் கத்தி எதிரொலி கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேங்கடரமணர் கோயில் பிராகாரத்தில் தூண்கள் இல்லாத இடங்களைப் பார்க்கும்போது மட்டும் மனம் வலிக்கும். பிரெஞ்சுக்காரர்கள் கழற்றிக் கொண்டுபோனார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்கள்தான். ராஜகிரியின் உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்திருக்கும் ஆழத்தின்மேல் ஒரு சிறு பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருக்கும் சிலர் கீழே இருக்கும் ஆயிரம் பேரைத் தடுத்துவிடலாம். ஏழாண்டு முற்றுகை எப்படி நடந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

உச்சியிலிருந்து மேற்கே பார்த்தேன். மூட்டத்துக்கு மேலே அண்ணாமலை சாம்பல் நிறத்தில் தெரிந்தது.

செஞ்சியை ஒட்டியே திருநாதர்குன்று. கோட்டைக்கு வரும் ஆயிரம் பேரில் பத்துப் பேர் இங்கே வந்தால் அதிகம். ஏறுவதற்கு எளிய குன்று. மேலே தனியாக நிற்கும் ஒரு பெரும்பாறையின் முகத்தில், இரண்டு வரிசைகளாக இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள். சின்னச் சின்ன உருவங்கள், ஒருவர்போலவே மற்றவர், ஒரே அமைதி. பக்கத்துப் பாறையில் ஒரு கல்வெட்டு. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட இடம் இது என்று சொல்கிறது. தமிழ் பிராமி வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்து எழுத்து. இங்கே வந்தவர்கள் பேசத் தொடங்கினால் தானாகவே குரல் தாழ்ந்துவிடுகிறது. எதிரே ராஜகிரியில் படை படையாக ஆள் மாண்ட வரலாறு இருக்கிறது. இங்கே ஒருவர், யாரையும் எதிர்க்காமல், ஐம்பத்தேழு நாளில் தன் உடலை மெல்ல விட்டுச் சென்ற இடம். பாறையில் கை வைத்தால் பகல் சூடு இன்னும் இருந்தது.

இருட்டுவதற்குள் மண்டகப்பட்டு போய்விட வேண்டும் என்று ஆட்டோக்காரரை அவசரப்படுத்தினேன். "போய்டலாம் சார், வெளிச்சம் இருக்குது" என்று அவர் குறுக்குச் சாலையில் விட்டார். விழுப்புரம் போகும் சாலையிலிருந்து விலகி உள்ளே போனால், ஏரியும் வயலுமான இடத்தில் ஒரு பாறை, அதில் ஒரு குடைவரை. வாசலின் இருபுறமும் வாயிற்காவலர் இருவர். உள்ளே மூன்று கருவறைகள், மூன்றும் வெறுமை. பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் இந்தக் கோயிலை விசித்திரசித்தன் உண்டாக்கினான் என்று தூணில் வடமொழியில் வெட்டியிருக்கிறது. விசித்திரசித்தன் மகேந்திரவர்மன்தான். எடுத்தனூர்க் கல்லில் ஆண்டுக் கணக்காக வருகிறவன்.

ஒரே அரசன் காலத்துக் கற்கள் இரண்டு, அண்ணாமலைக்குக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. அரண்மனைச் சிற்பிகள் வைத்துப் பாறையையே கோயிலாக்கிய அரசனின் கல்லில் பெருமிதம் இருக்கிறது. அது நியாயமான பெருமிதம். மகாபலிபுரம் வரை போகும் ஒரு கலைக்கு இங்கே வாசல் திறந்தது. எடுத்தனூர்க் கல்லில் பெருமிதம் என்று எதுவும் இல்லை. நடந்ததை அப்படியே சொல்கிறது. மண்டகப்பட்டில் மூன்று தெய்வங்கள் இருந்த இடம் காலியாகிவிட்டது. எடுத்தனூரில் எருமை மேய்த்தவன் இன்னும் இடத்தை விட்டு நகரவில்லை. அரசனின் குகைக்குக் கம்பி வேலியும் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற பலகையும் உண்டு. வயலோரத்து வேடியப்பன்கள் பலருக்கு அதுகூட இல்லை. சாலை அகலமாகும்போது, மனை பிரிக்கும்போது, ஏரிக்கரை பலப்படுத்தும்போது, பலகைக்கல் என்று எண்ணி யாராவது எடுத்து மதகில் போட்டுவிட்டால் கேட்க ஊர்ப் பாட்டியைத் தவிர ஆளில்லை. அவர் மட்டும் போதாது. அவர் பேரனுக்கு அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். செங்கம் பகுதிப் பள்ளிகளில் ஆண்டுக்கு ஒருநாள், ஒரு வேனில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சாய்ந்த வெயில் நேரத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் போதும். செலவு டீசல் மட்டும்.

*

தெற்குத் திசை தென்பெண்ணைக் கரை. அரகண்டநல்லூர்ப் பாறைக் கோயிலிலிருந்து சம்பந்தர் அண்ணாமலையைக் கண்டு பாடினார் என்பது மரபு. 1896இல் மதுரையிலிருந்து வீட்டை விட்டுக் கிளம்பிய பதினாறு வயது வேங்கடராமன், கையில் காசு தீர்ந்து, நடந்து வந்து மாலையில் ஒதுங்கியதும் இங்கேதான். செப்டம்பர் 1ஆம் தேதி அவர் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். பிறகு அந்த மலையை விட்டு எங்கும் போகவில்லை. ரமணர் என்று உலகம் அறியும். பாறை மேல் நின்று வடக்கே தேடினேன். வெயில் தெளிவாக இருந்தால் இங்கிருந்தும் மலை தெரியும்.

ஆற்றுக்கு அக்கரையில் திருக்கோவலூர். ஆற்றுப் படுகையில் நிற்கும் ஒற்றைப் பாறையைக் கபிலர் குன்று என்கிறார்கள். பாரி இறந்த பிறகு, அவன் மகளிரைக் காப்பில் வைத்துவிட்டுக் கபிலர் உயிர்விட்ட இடமாகச் சொல்வது. அங்கிருந்து ஜம்பைக்கு உள்சாலைகளில் போக வேண்டும். தாசிமடம் என்று ஊரார் சொல்லும் குகையில் 1981இல் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டைக் கண்டெடுத்தார்கள். ஒரே வரி. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி என்று அதற்குப் பொருள். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் பாட்டில் மட்டும் வாழ்ந்தவன் அல்லன், கல்லிலும் இருக்கிறான் என்று அன்று தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. அசோகனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சேரரோடு வரும் சதியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் பல காலம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு விடை கிடைத்தது. அந்த அசோகன் கல்வெட்டில் அதே மூச்சில் ஆண்டியோகஸ் என்ற கிரேக்க அரசன் பெயரும் வருகிறது. எல்லாருடைய நாட்டிலும் மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் கிடைக்க வகை செய்திருப்பதாக அசோகன் அதில் சொல்கிறான். கடலுக்கு அப்பாலிருந்த கிரேக்கனும் தென்பெண்ணைக் கரை அதியனும் ஒரே வாக்கியத்தில் இடம்பெற்றது விலங்குகளின் நோயையும் தீர்க்கும் ஒரு செய்திக்காக. குகைக்குள் குனிந்து நின்றபடி இதை நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே ஆடுகள் மணியசைத்துப் போயின.

*

கடைசி இரவு தைப் பௌர்ணமி. அடி அண்ணாமலைத் தெரு வழியே மக்கள் ஆறுபோல ஓடிக்கொண்டிருந்தார்கள். வெறுங்கால் உரசும் ஓசை விடாமல் கேட்டது. தேநீர்க் கடைப் பலகையில் எனக்குப் பக்கத்தில் ஓர் அப்பாவும் பத்தாவது படிக்கும் மகளும் வந்து உட்கார்ந்தார்கள். காஞ்சிபுரத்துக்காரர்கள். அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டார்.

"நாளைக்கு ஒரு நாள் லீவு இருக்குது சார். பாப்பாவ கூட்டிகினு பக்கத்துல எங்கனா போலாமா?"

குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்தேன். செஞ்சி என்று எழுதப் போனவன், நிறுத்தி, செங்கம் என்று எழுதினேன். எந்த பஸ், எங்கே இறங்குவது, ஆட்டோ எங்கே கிடைக்கும், தண்ணீர் பாட்டில் கையோடு கொண்டுபோக வேண்டும், நடுகல் என்று கேட்காமல் வேடியப்பன் என்று கேட்க வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும். எடுத்தனூருக்குக் கீழே கோடு போட்டேன்.

"உச்சி வெயில்ல போகாதீங்க. ஒண்ணு காலைல சீக்கிரம், இல்லனா நாலு மணிக்கு மேல. வெயில் சாய்ஞ்சாதான் எழுத்து எழுந்து வரும்."

அந்தப் பெண் தாளை வாங்கிக்கொண்டாள்.

"நாய்க்கு என்ன பேருன்னீங்க அங்கிள்?"

சொன்னேன். என் பேனாவையே வாங்கி, தாளின் ஓரத்தில், எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டாள்.